பிறை தெரிய வேண்டாம் என்று கேட்டவள்

ஐம்பத்தேழாம் வருஷம். நோன்பு திறந்த கையோடு பெரியபட்டினத்தில் அத்தனை பேரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தொன்பது நோன்பு முடிந்துவிட்டது. பிறை தெரிந்தால் விடிந்ததும் பெருநாள். ஒருத்தி மட்டும், அல்லாவே, இன்றைக்குத் தெரிய வேண்டாம், இன்னும் ஒரு நாள் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்பது பாவமோ என்ற பயம் வேறு. பெற்றவள் பின்னே என்னதான் செய்வாள், சொல்லுங்கள்.

அவள் பெயர் குல்சும். மகள் காலிதாவுக்கு ஆறு வயது. பேச்சு வரவில்லை; கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஜின் பிடித்திருக்கிறது என்றார்கள், உம்மா வளர்த்த லட்சணம் என்றார்கள். ஊர் வாய்க்கு என்ன, சும்மா இருக்குமா? கொழும்பில் கடை வேலை பார்த்த புருஷன் ஹமீது சுல்தான், பிள்ளை சாப்பிடுகிறதா என்றுதான் கடுதாசிக்குக் கடுதாசி கேட்பான். காலிதா வெறும் வெள்ளைச் சோறு தவிர எதையும் வாயில் வைக்க மாட்டாள். ஈறில் ரத்தம் கசிந்தது. பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவித் தடவி நடந்தாள். ராமநாதபுரத்து டாக்டர், உடம்பில் சத்தே இல்லை, மீன் எண்ணெய் கொடு, பருப்பு, கறி எதையாவது சாப்பிட வை என்று சொல்லி அனுப்பினார்.

கடலோரத்துக்காரிக்கு மீன் வாடை வாடையாகவே தெரியாது. அதுதான் வினையாய்ப் போயிற்று. சுறா எண்ணெயில் அரைக் கரண்டியைச் சோற்றில் பிசைந்து, இதுக்கு எங்கே தெரியப்போகிறது என்று வைத்தாள். பிள்ளை ஒரு தரம் முகர்ந்தது. தட்டைத் தள்ளியது. அன்றிலிருந்து சோற்றையும் தொடவில்லை. இருந்த ஒன்றையும் கெடுத்துவிட்டோமே என்று குல்சும் தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று நாள் வெறும் தண்ணீர்தான்.

நாலாம் நாள் தலைநோன்பு, ரமலானின் முதல் நாள். பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிவாசலில் வாங்கி வந்த நோன்புக் கஞ்சியை இரண்டு கோப்பையில் ஊற்றி வைத்தாள். நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும் தன்னதைக் குடித்து நிமிர்ந்தால், காலிதாவின் கோப்பையில் ஒன்றுமில்லை. பருப்பும் கொத்துக்கறியும் தேங்காய்ப்பாலும் போட்ட கஞ்சி! குல்சும் அழுதேவிட்டாள். அந்த மாதம் முழுக்கப் பிள்ளையின் உயிர் அந்தக் கஞ்சியில்தான் ஓடியது. இடையில் பயம் வந்து, பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிற சதக்கிடம் பக்குவம் கேட்டனுப்பி, ஒரு மதியம் வீட்டிலேயே காய்ச்சி, மடியில் போட்டு ஊட்டிப் பார்த்தாள். காலிதா வாயை இறுக்கிக்கொண்டாள். பெருநாளோடு பள்ளிவாசல் அடுப்பு அணைந்துவிடும். அப்புறம்?

பிறை தெரிந்துவிட்டது. தெருவெல்லாம் ஒரே சந்தோஷம். குல்சும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கஞ்சிக் கொட்டகைக்கே போய் நின்றாள். பெண்கள் போகிற இடமில்லை அது. சதக் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன் முறைக்கு அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, நாளைக்கும் ஒரு கோப்பை காய்ச்சித் தாங்க. இல்லாட்டி எம்புள்ள செத்துப்போயிரும்."

பெருநாளன்று எப்படியம்மா என்று அவர் தயங்கினார். வீட்டில் காய்ச்சியதைத் தொடாத பிள்ளை, இங்கே வாங்கியதை மட்டும் எப்படிக் குடித்தது என்று கேட்டார்.

சொல்ல வாயெடுத்தபோதுதான் குல்சுமுக்கே உறைத்தது. இத்தனை நாளில் ஒரு நாள்கூட மகள் குடிப்பதை அவள் பார்த்ததில்லை. பகலெல்லாம் தொண்டை காய்ந்து கிடப்பவளுக்குப் பாங்கு கேட்டதும் தன் கோப்பைதான் கண்ணில் படும். மற்ற வேளையெல்லாம் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு, கெஞ்சிக்கொண்டு இருப்பாள்.

"நான் பாக்கல காக்கா," என்றாள். "பாக்காதப்பத்தான் குடிச்சிருக்கு."

மறுநாள் ஊரே நெய்ச்சோறு தின்றது. குல்சும் தன் அடுப்பில் கஞ்சி காய்ச்சினாள். பொழுது சாய்ந்து பாங்கு சொன்னதும் இரண்டு கோப்பையிலும் ஊற்றி, மகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தன் கஞ்சியைக் குடிக்கத் தொடங்கினாள். திரும்பிப் பார், திரும்பிப் பார் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பின்னால் சத்தமே இல்லை. குடித்து முடித்தும் அப்படியே இருந்தாள்.

பிறகு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். குல்சும் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். பெற்ற பிள்ளை சாப்பிடுவதை அதற்கப்புறம் பல வருஷம் அவள் காதால்தான் கேட்டாள்.