மேஜைக்குப் பாரம்

எனக்கு ஒன்பது வயதில், அப்பாவுக்கு வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து அணுபுரம் குடியிருப்புக்கு வந்தோம். பள்ளியில் முதல் நாள் நான் "வாரேன்" என்றதற்கு வகுப்பே சிரித்தது. அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். கோடை விடுமுறை வந்ததும் இனி யாரிடமும் பேச வேண்டியதில்லை என்று நிம்மதியானேன்.

அம்மாவுக்கு அப்போது மரவேலைப் பித்து. கைபேசியில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தாள். அலமாரி செய்ய நினைத்தவளுக்கு, மரத்தை வைத்து இழைக்க உறுதியான மேஜை முதலில் வேண்டியிருந்தது. செங்கல்பட்டில் ஒரு பழைய கதவை வாங்கினாள். எங்கள் சாமான்கள் வந்த மரப்பெட்டிகளை உடைத்துக் கால் செய்தாள். பின் வராந்தாவில் சுவரோரமாக மேஜை கம்பீரமாகத்தான் நின்றது. இழைப்புளியைத் தள்ளியதும் அதுவும் கூடவே நடந்தது. குறுக்குச் சட்டம் அடித்துப் பார்த்தாள். நடை கொஞ்சம் நிதானப்பட்டது, அவ்வளவுதான்.

"ஏட்டி, நீ மேல ஏறி இரி."

ஏறினேன். என்னையும் சுமந்துகொண்டு நடந்தது.

"ஒன் வெயிட்டு பத்தாது. எதுத்த வீட்டுப் பிள்ளையக் கூட்டிட்டு வா."

வகுப்பில் உரக்கச் சிரித்தவளே அவள்தான். அம்மா இழைப்புளியோடு காத்திருந்தாள். வேறு வழியில்லாமல் போனேன்.

"எங்கம்மா கூப்பிடுதாவ. மேசை மேல இருக்கணுமாம்."

"இன்னாது? மேஜை மேல குந்தணுமா? எதுக்கு?"

"அது நடக்குது."

"மேஜை நடக்குதா! இரு, தங்கச்சியையும் இட்டாரேன்!" என்று உள்ளே ஓடினாள்.

மூவரும் ஒரு ஓரமாக வரிசையாய் உட்கார்ந்ததும் மேஜை அடங்கியது. சுருண்டு விழுந்த மரச் சீவல்களைக் காதில் லோலாக்காக மாட்டிக்கொண்டோம். "கூப்பிடுதாவ"வை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவளும் சொல்லிப் பார்த்தாள். தப்பாக வந்தது. இந்த முறை நான் சிரித்தேன்.

மறுநாளும் அம்மா பாரம் கேட்டாள். அதற்கடுத்த நாளும். வாரக் கடைசியில் மேஜை மேல் ஐந்து பேர். அலமாரி முடிந்து, முக்காலி முடிந்து, யாரும் கேட்காத கரண்டி ஸ்டாண்டும் முடிந்தது. நாங்கள் இல்லாவிட்டால் வேலை கெட்டுவிடும் என்று, அந்த வருடம் ஊருக்குப் போகக்கூட மறுத்துவிட்டேன்.

ஆறு வருடம் கழித்து வீட்டைக் காலி செய்யும்போது அப்பா மேஜையை இழுத்தார். அசையவில்லை. குனிந்து பார்த்தார். அதைச் சுவரோடு சேர்த்து இரண்டு நீளமான போல்ட்டுகள் இறுக்கியிருந்தன.

"இது எப்பம் போட்டது?" என்றார்.

"எதுத்த வீட்டுப் பிள்ள மொத நாளு வந்தாள்லா," என்றாள் அம்மா, "அன்னைக்கு ராத்திரியே."