பனி என்று சொன்னேன்

அன்று காலை தோட்டத்தில் நான் இருந்தேன். என் வீட்டுக்காரி இருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் மளிகைக்கடை பாய் இருந்தார். அவர் வளர்த்த தேனீப் பெட்டி இருந்தது. அதன் வாசலில் தேனீக்கள் செத்துக் கிடந்தன. செய்யூரில், எழுபத்து நாலு, தை மாதம்.

“இன்னா அண்ணாத்த இது? நேத்துகூட நல்லா பறந்துகினு இருந்துச்சே!” என்றார் பாய்.

எனக்குத் தெரியும். முந்தின நாள் விடியலில் அவரைக்காய்ப் பந்தலுக்குப் பூச்சிப்பொடி தூவியிருந்தேன். பழைய வேட்டித் துணியில் கட்டித் தட்டினேன். பனி ஈரத்தில்தான் இலையில் ஒட்டும். கீழே விரிந்திருந்த பூசணிப் பூவிலும் விழுந்தது. தேனீ வரும் நேரமும் அதுதான்.

“பனி பாய். பூச்சி தாங்கல,” என்றேன்.

“நான்தான் கோணி போத்தியிருக்கணும்,” என்றார்.

நாலு நாளில் பெட்டி காலி. அதற்கப்புறமும் சாயங்காலமானால் கோணி போர்த்தினார்.

“வாயில இன்னா, பொடியா கீது? பாயாண்ட சொல்லேன்,” என்றாள் வீட்டுக்காரி. சொல்லவில்லை.

அந்த வருடம் தேனீ இல்லாமல் பூசணிப் பிஞ்செல்லாம் வெம்பி விழுந்தது. மீதிப் பொடியைப் புதைத்தேன். அவரைக்குச் சாம்பல் போட்டேன். வேலியோரம் துளசி நட்டேன். உடைந்த ஓட்டில் தேனீ குடிக்கத் தண்ணீர் வைத்தேன். கறிவேப்பிலைப் புழுவை நசுக்கவில்லை, வண்ணத்துப்பூச்சி ஆகட்டும் என்று. கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விட்டேன்.

“பூவ போட்டா ரசம் வெக்கிறது?” என்றாள்.

இரண்டு வருடம் போனது. ஒரு காலை, பாய் துளசியைப் பார்த்தபடி நின்றார்.

“காட்டுப் பூச்சி உன்னத் தேடி வருது அண்ணாத்த. என் கைக்குத்தான் ராசியில்ல.”

“உன் கை இல்ல பாய். நான்தான். பொடி தூவினேன்.”

“எப்போ?”

“விடியக்காலைல.”

“அந்தியில தூவியிருந்தா எல்லாம் பெட்டிக்குள்ள இருந்திருக்கும்.”

“அது தெரியாது பாய்.”

“பனின்னியே. அது தெரிஞ்சு சொன்னதுதானே?”

பாய் உள்ளே போய்விட்டார். பல நாள் வேலிப் பக்கம் வரவில்லை.

பிறகு ஒரு காலை வந்தார். கையில் அந்தப் பெட்டி, கழுவிக் காயவைத்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை.

“துளசியாண்ட எத்தினி பூச்சி வருது?”

குந்தி எண்ணினேன்.

ஏழு.