டவாலி இல்லாத நான்கு நாட்கள்

கந்த சஷ்டி விரதத்தின் நான்காம் நாள் காலை, நீதிமன்ற வளாகத்தில் வழக்குக் கட்டொன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பழனியிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "சார், அக்கா போய்டுச்சு சார்" என்றார். "எங்கே?" என்று கேட்டுவிட்டேன். இருபத்தேழு ஆண்டுகளில் அவருடைய அக்கா என்னிடம் சொல்லாமல் எங்கும் போனவர் அல்லர். மறுமுனையில் அழுகை கேட்ட பிறகே எனக்கு விளங்கியது.

விசாலாட்சி அம்மையார் என் அலுவலகத்தின் தட்டச்சர். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் குடும்பத்தில் பிறந்தவர். மணம் செய்துகொள்ளாமல் தம்பி பழனியின் வீட்டிலேயே வாழ்ந்தவர். பன்னிரண்டு வயதில் அவருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடுவயதில் பலருக்கு வருகிற வகை அல்ல அது. கணையம் இன்சுலின் சுரப்பதையே அடியோடு நிறுத்திவிடும் வகை. ஐம்பத்தோரு வயது வரை ஊசியால்தான் உயிர் வாழ்ந்தார். அவரை அறிந்தவர்களுக்காகவும் அறியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் நேரில் கண்டவற்றையும் மருத்துவர் சொல்லிப் பின்னர் அறிந்தவற்றையும் பிரித்தே சொல்கிறேன். இதில் என்னைப் பற்றிய ஒரு செய்தியும் உண்டு. அதை மறைத்தால் இது அஞ்சலி ஆகாது.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு சிறு மண்பானையுடன் வந்தார். பானையில் தண்ணீர்; தண்ணீருக்குள் இறுக மூடிய எவர்சில்வர் டப்பா; அதற்குள் இன்சுலின் குப்பி. "கரண்ட் போனாலும் சில்லுனு இருக்கும் சார். குடிக்கிற தண்ணின்னு யாரும் மொண்டுடாதீங்க" என்றார். என் குமாஸ்தா அந்த வாரமே மொண்டு குடித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஓய்வு பெறும் வரை தினமும் காலையில் "வாங்க இன்சுலினு, சாப்டீங்களா?" என்ற அம்மையாரின் விசாரிப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

என் வரைவுகளில் பிழை கண்டால் வாய்திறந்து சொல்லமாட்டார். பென்சிலால் சிறு வட்டம் போட்டு மேசையில் வைத்துவிடுவார். அந்த வட்டங்கள் என்னைக் காப்பாற்றிய வழக்குகள் சில உண்டு.

அவர் சேர்ந்த நான்காம் ஆண்டு, மேல்முறையீடு ஒன்றுக்குக் கெடு முடியும் நாள். பகல் ஒன்றரை மணியாகியும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவரும் அடித்துக்கொண்டே இருந்தார். தாளை வாங்கிப் பார்த்தால் அரைப் பக்கம் முழுக்க "மனுதாரர் மனுதாரர்" என்றே இருந்தது. என்ன இது என்று கேட்டேன். முகமெல்லாம் வியர்வையுடன் எழுந்து நின்று, "நீங்களே அடிச்சிக்கயா!" என்று கத்தினார். நான் கோபப்பட்டேன். குமாஸ்தாதான் நிலைமையை உணர்ந்து ஒரு பிடி சர்க்கரையை அவர் வாயில் போட்டார்.

கால் மணி நேரத்தில் தெளிந்தவர் வெட்கத்துடன், "அது நான் பேசல சார். சர்க்கரை இறங்கிப்போய்ப் பேசிச்சு" என்றார். எனக்குப் புரியவில்லை என்று கண்டு, நீதிமன்ற வாசலில் நின்று பெயர்களைக் கூவி அழைக்கும் டவாலியை உதாரணமாக எடுத்துக்கொண்டார்.

"சாப்பாடு துன்னா சர்க்கரை ரத்தத்துல வந்து நிக்கும் சார், வாசல்ல கட்சிக்காரங்க நிக்கிற மாதிரி. டவாலி பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் உள்ள போவ முடியும். இன்சுலின்தான் டவாலி. என் உடம்புல அவன் வேலையை விட்டுட்டுப் போய்ட்டான். நான் ஊசியில ஆள் வச்சிக்கினு இருக்கேன். இன்னிக்கி ஊசி போட்டாச்சு, சோறு துன்னல. அவன் கூப்பிட்டுக்கினே இருக்கான், வாசல்ல ஆளே இல்ல."

அன்று முதல் பன்னிரண்டரை மணிக்கு மேல், அவர் சாப்பிடும் வரை, எதையும் சொல்லி எழுதவைத்ததில்லை. அந்த உவமையைப் பல இடங்களில் நானும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மைதான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

இந்த ஆண்டு ஆடி மாதம் பழனியின் மகள் கௌரிக்கும் அதே நோய் வந்தது. வயது ஒன்பது. அம்மையார் அழுது நான் கண்டது அந்த ஒருமுறைதான். தீபாவளிக்கு மறுநாள் என் எதிரில் வந்து நின்றார்.

"சார், சஷ்டி ஆறு நாளும் தண்ணி மட்டும்தான். குமரகோட்டம் முருகன் கோயிலை தினம் சுத்தி வர்றேன்னு கௌரிக்காக வேண்டிக்கினு இருக்கேன்."

"ஊசி?" என்று கேட்டேன்.

"அதான் ரோசனையா இருக்குது. விரல்ல ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு சந்நிதிக்கு எப்படிப் போறது? துன்னாம ஊசி போட்டாலும் அன்னிக்கி மாதிரி இறங்கிடும். டாக்டர்கிட்ட கேட்டா விரதமே வேணாம்னுவாரு. நீங்க இன்னா சொல்றீங்க?"

ஆவணத்தைப் படிக்காமல் நான் யாருக்கும் கருத்துச் சொல்வதில்லை. கட்சிக்காரர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் மறுநாள் வரச் சொல்வேன். அன்று ஏனோ, வேடிக்கையாக, "கட்சிக்காரனே வராத லீவு நாள்ல டவாலிக்கு என்னம்மா வேலை?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "இது போதும் சார். வக்கீல் கருத்து கிடைச்சிடுச்சு."

மூன்றாம் நாளும் வேலைக்கு வந்தார். நிமிடத்துக்கொரு முறை எழுந்து தண்ணீர் குடித்தார். இருமுறை வாந்தி எடுத்தார். உட்கார்ந்த இடத்திலேயே, மாடிப்படி ஏறி வந்தவர்போல் மூச்சு வாங்கியது. வெறும் வயிற்றின் களைப்பு என்று இருவருமே எண்ணினோம். கையெழுத்துக்குத் தாளை நீட்டியபோது அவர் மூச்சில் கனிந்த பழத்தின் வாசனை வந்தது. "என்னம்மா, விரதத்துல பழம் உண்டா?" என்று கேட்டேன். "பழத்தக் கண்ணால கூடப் பார்க்கல சார். உங்க மூக்குக்குப் பசி" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தைகள் அவை. மறுநாள் விடியும் வேளையில் மயங்கி விழுந்தார் என்றும், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது என்றும் பழனி சொன்னார்.

இரண்டு நாள் கழித்து அவருடைய மருத்துவரைச் சந்தித்தேன். அவர் விளக்கியது இது. பட்டினி கிடந்தாலும் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். போதும் என்று அதை நிறுத்திவைப்பதும் இன்சுலின்தான். அது இல்லாதபோது சர்க்கரை ரத்தத்தில் நிரம்பி வழியும். ஆனால் உடம்பின் திசுக்களுக்குள் நுழையாது. உடம்பு வேறு வழியின்றிக் கொழுப்பை எரிக்கும். அதனால் ரத்தம் அமிலமாகும். அந்த அமிலத்தின் வாடைதான் மூச்சில் வரும் பழ வாசனை.

வாசலில் யாரும் இல்லை என்று நாங்கள் நினைத்தோம். வாசல் நெரிந்துகொண்டிருந்தது, கூப்பிடத்தான் ஆளில்லை.

காரியத்துக்கு முதல் நாள் பழனி வீட்டுக்குச் சென்றேன். தறிக்குப் பக்கத்தில் பாயில் கௌரி சுருண்டு கிடந்தாள். "காய்ச்சல் சார். நேத்திலேர்ந்து ஒண்ணும் துன்னல" என்றார் பழனியின் மனைவி.

"ஊசி போட்டீங்களா?"

"துன்னாத புள்ளைக்கு எதுக்கு சார் ஊசி? இறங்கிடும்னு அண்ணியே சொல்லும். நேத்திலேர்ந்து போடல."

குனிந்தேன். அதே வாசனை. அங்கேயே மருத்துவரை அழைத்தேன். எத்தனை அளவு என்று சொல்லி, உடனே போட்டுக் குழந்தையைத் தூக்கி வரச் சொன்னார். தாயார் குறுக்கே நின்றுகொண்டார். "வேணாம் சார். ஊசி ஊசின்னுதான் அண்ணியும் போய்ச் சேர்ந்திச்சு."

"இல்லம்மா. ஊசி போடாமத்தான் போனாங்க. போட வேணாம்னு அர்த்தம் வர்ற மாதிரிப் பேசினவன் நான்" என்றேன்.

உறவினர் பலர் கூடியிருந்த வீடு அது. பழனி என்னைப் பார்த்தார். பிறகு தறியோரம் இருந்த மண்பானைக்குள் கைவிட்டு இன்சுலின் டப்பாவை எடுத்தார்.

குழந்தை மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தாள். இப்போது நலமாக இருக்கிறாள். பழனி இதுவரை என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. மன்னித்தார் என்று அதற்குப் பொருள் கொள்ள எனக்கு உரிமையில்லை.

அவள் வீடு திரும்பிய அன்று, அம்மையாரின் நாற்காலியில் அமர்ந்து, இரண்டு விரல்களால் ஒரு தாள் அடித்தேன். "கௌரி சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், காய்ச்சலானாலும் விரதமானாலும், இன்சுலினை நிறுத்தக் கூடாது. அளவை மருத்துவரிடம் மட்டுமே கேட்க வேண்டும்." மருத்துவர் படித்துக் கையெழுத்திட்டார். கீழே நானும் இட்டேன். பழனி அதைத் தறிக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினார். ஒட்டிய பிறகுதான் கவனித்தேன்: தாளில் "மட்டுமே" என்பது இருமுறை விழுந்திருந்தது. என் சட்டைப்பையில் பென்சில் இருந்தது. நான் வட்டம் போடவில்லை. அது அவருடைய வேலை.

அம்மா, நீங்கள் ஒரே ஒரு முறை என்னிடம் கருத்துக் கேட்டீர்கள். உரிய விடை உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. உங்களுக்குக் கிடைக்காத விடை. போய் வாருங்கள்.