ஊசிக்கு முன் ஒரு கேள்வி

குணரத்தினம் அப்போதிக்கரிக்குத் தன் அறிவைவிடச் சுவரில் தொங்கிய மட்டையில்தான் நம்பிக்கை அதிகம். எந்த நோய்க்கு எந்த மருந்து, எவ்வளவு என்று திருகோணமலையிலிருந்து பெரிய டொக்டர் ஒருவர் எழுதி அனுப்பிய கடுதாசி மட்டை. தொண்டைப் புண்ணோ, சீழ்க்கட்டியோ, மட்டையை நிமிர்ந்து பார்க்காமல் பேனையைத் தொடமாட்டார். எழுபதுகளின் தொடக்கத்தில் டொக்டர் இல்லாத மூதூர்ப் பக்கத்துச் சின்ன டிஸ்பென்சரி ஒன்றை அப்படித்தான் நடத்தினார். மனிதர் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்லமாட்டேன், கவனமானவர்.

மட்டையில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது. பென்சிலின் ஊசிக்கு முன், அது முன்பு ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்ததா என்று கேட்க வேண்டும். ஓம் என்றால் ஊசி கூடாது, வாயால் விழுங்கும் வேறு குளிசைதான். வாசலில் நின்று அதைக் கேட்பது உதவியாளர் அசனாவின் வேலை. வந்தவர்கள் எல்லாரும் இல்லை என்றார்கள். எங்கள் சனத்துக்கு இரும்பு உடம்பு என்று அப்போதிக்கரி பெருமைகூடப் பட்டார்.

அன்று காலை தட்டில் இரண்டு ஊசியில் பென்சிலின் ஏற்றி வைத்திருந்தது. ஒன்று காலில் சீழ் வைத்த ஸல்ஹாவுக்கு, மற்றது அசனாவின் விரல் புண்ணுக்கு. ஸல்ஹா ஊசி போட்டுக்கொண்டு எழும்பினாள். எழும்பியவள் அப்படியே விழுந்தாள். முகம் வீங்கி மூச்சு இழுத்தது. அப்போதிக்கரிக்குப் பயத்தில் உயிரே போய்விட்டது. இப்படியான வேளைக்கென்று மட்டையின் அடியில் எழுதியிருந்த மாற்று ஊசியைப் போட்டுவிட்டு, அவள் நாடியைப் பிடித்தபடி தரையிலேயே இருந்தார். நல்ல காலம், மூச்சுத் திரும்பியது.

"முந்தி ஊசி போட்டு உடம்பு தடிச்சதா பிள்ளை?"

"ஓம் ஐயா. சொன்னா ஊசி போடமாட்டீங்களே. குளிசைக்கா இவ்வளவு தூரம் வந்தனான்?"

அவருக்குத் தலையில் இடி விழுந்தது போல இருந்தது. ஊசி போடாத வைத்தியத்தை இந்த ஊர் வைத்தியமாக மதிப்பதில்லை என்பது அவருக்குத் தெரியாததா? வாசலுக்கு வந்து, வேறு யாருக்கெல்லாம் முன்பு தடித்தது என்று வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்களைக் கேட்டார். ஒரு கிழவர் கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் தூக்கினார்கள்.

விறைத்துப்போய்த் திரும்பினார். பின்னால் அசனாவும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"போன மாசம் நீங்கள் போட்டபோது எனக்கும் தடிச்சது ஐயா. இண்டைக்கு நானும் இல்லை எண்டுதான் சொன்னனான்."

தட்டில் அசனாவுக்கென்று மிஞ்சியிருந்த ஊசியை எடுத்து, மருந்து முழுவதையும் அவர் மண்ணில் பீய்ச்சினார்.