அத்தானின் படகு கிளம்பிய சனிக்கிழமை

அந்தப் படகுத்துறையில் நாற்பத்திரண்டு பாய்மரப் படகுகள் கட்டிக் கிடந்தன. அவற்றில் மூன்றுதான் கடலுக்குப் போய் வரும். மற்ற முப்பத்தொன்பதும் கட்டிய இடத்திலேயே ஆடிக்கொண்டு, சனி ஞாயிறுகளில் சொந்தக்காரர்கள் கால் நீட்டி உட்கார்ந்து குடிக்க இடம் கொடுக்கும். இதை நினைத்தாலே, துறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளை எல்லோரும் துறையம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது ஐம்பத்திரண்டு. இங்கே வருவதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றிப் போகும் மோட்டார் படகில் கயிறு கட்டினாள். ஒரு நாளைக்குப் பதினாறு நடை. ஐந்து நிமிஷம் தாமதமானால் பயணிகள் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். படகு என்றால் போக வேண்டும், வர வேண்டும். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பாலம் வந்ததும் அந்தப் படகை நிறுத்திவிட்டார்கள்.

வீட்டில் சும்மா இருந்தவளை இங்கே சேர்த்துவிட்டவர் அவளுடைய அக்காவின் கணவர். பல் டாக்டர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு படகு வாங்கி, பதினேழாம் எண் இடத்தில் கட்டியிருந்தார். வேலை வாங்கிக் கொடுத்தவர் என்பதால் அவரிடம் மட்டும் அவளால் வாய் திறக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். அதையும் பார்த்துவிட்டு, "அப்படிக் கடிக்காதேம்மா, தேஞ்சுடும்" என்பார் அத்தான்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவர் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்குவார். பின்னாலேயே வக்கீலும், ஒரு காலத்தில் பேங்க் மேனேஜராக இருந்தவரும் வருவார்கள். மூவரும் செருப்பை, படகுகளுக்கு நடந்துபோகும் மரப்பாலத்தின் ஓரத்தில் வரிசையாகக் கழற்றிவிட்டுப் படகில் ஏறுவார்கள். தலையில் கேப்டன் தொப்பி. வக்கீல் விரலை எச்சில் தொட்டுக் காற்றில் நீட்டி, "இன்னிக்குக் காத்து சரியில்ல" என்பார். உடனே முதல் பாட்டில் திறக்கும். "அடுத்த வாரம் கண்டிப்பா ஒரு ரவுண்டு போறோம்" என்பார் அத்தான். நாலு வருஷமாக அடுத்த வாரம் வரவேயில்லை.

அன்றைக்கு முழுக்கத் துறையம்மாவுக்கு ஓட்டம்தான். தண்ணீரில் விழுந்த மூக்குக் கண்ணாடியை வலை போட்டு எடுக்க வேண்டும். ஏணியில் கால் வைக்கத் தெரியாமல் நிற்பவர்களைக் கை பிடித்து இறக்க வேண்டும். இதற்கு நடுவே அக்கா போன் செய்வாள்.

"எத்தனாவது கிளாஸ் ஓடுது?"

"அக்கா, நான் கயித்தை எண்ணுவேன். கிளாஸை எண்ண எனக்குச் சம்பளம் கிடையாது."

"கூடப் பொறந்தவகிட்ட கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று அக்கா வைத்துவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி இருக்கும். துறையின் கழிப்பறை அடைத்துக்கொண்டது. யாரோ எலுமிச்சைத் தோலையும் காகிதத் தட்டையும் உள்ளே தள்ளியிருந்தார்கள். கையுறை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் போராடி, அடைப்பை எடுத்து, வந்த கோபத்தை வாளியிடம் காட்டிவிட்டு வெளியே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள்.

பதினேழாம் எண் காலியாக இருந்தது. மரப்பாலத்தின் ஓரத்தில் மூன்று ஜோடிச் செருப்பு மட்டும் ஒழுங்காக இருந்தது.

முதலில் பாலத்துக்கு அடியில் தண்ணீரைக் குனிந்து பார்த்தாள். பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தூரத்தில், சிவப்பு மிதவைகள் பக்கமாக, பாய் ஏற்றாத மொட்டைக் கம்பத்தோடு அத்தானின் படகு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. அந்த மிதவைகளுக்கு அப்பால் சரக்குக் கப்பல்கள் போகும் வழி.

அறைக்கு ஓடி வயர்லெஸ்ஸில் துறைமுகத்தைக் கூப்பிட்டாள். இழுவைப் படகு வர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். வைத்துவிட்டுத் திரும்பியபோது, அலமாரியில் அத்தானின் இன்ஜின் பேட்டரி கண்ணில் பட்டது. சார்ஜ் போடக் கொடுத்து மூன்று வாரமாகியும் எடுத்துப் போகாதது. தலையில் அடித்துக்கொண்டாள். அதைத் தூக்கிப்போய் மாட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. ரப்பர் படகில் குதித்து மோட்டாரை இழுத்தாள்.

பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது மூவரும் கரைக்கு முதுகைக் காட்டி, மேஜையின் ஒரே பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் ஏதோ பழைய கேஸைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மேனேஜர் முகம் மலர்ந்தார்.

"அடடே, வாங்கம்மா. எங்க கிளம்பிட்டீங்க?"

"நான் எங்கயும் கிளம்பல. நீங்கதான் கிளம்பிட்டீங்க. கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

திரும்பிப் பார்த்தார்கள். கரை ஒரு கோடாகத் தெரிந்தது. மேனேஜர் கையிலிருந்த கிளாஸ் மெல்லச் சாய்ந்து அவர் மடியிலேயே கொட்டியது.

விஷயம் இதுதான். வெயில் மேஜை மேல் விழுகிறது, படகைச் சற்றுத் திருப்பிக் கட்டினால் நிழல் வரும் என்று மேனேஜர் யோசனை சொல்லியிருக்கிறார். முன் கயிற்றை வக்கீல் அவிழ்த்தார். பின் கயிற்றை மேனேஜர் அவிழ்த்தார். திருப்பிக் கட்டுவது அடுத்தவர் வேலை என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டார்கள். நிழலும் வந்துவிட்டது.

ரப்பர் படகால் இழுத்துப் பார்த்தாள். காற்று கரையிலிருந்து வீசியது. பெரிய படகு அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. மோட்டாரை அணைத்து, ரப்பர் படகைப் பின்னால் கட்டிவிட்டு மேலே ஏறினாள்.

"லைஃப் ஜாக்கெட் எங்க இருக்கு?"

"அதுலதானே உக்காந்திருக்கோம்" என்றார் வக்கீல்.

மாட்டிக்கொள்ளச் சொல்லி இருவரையும் ஒரு மூலையில் உட்கார வைத்தாள். "அத்தான், பாயை ஏத்தணும். எனக்குக் கயிறு இழுக்கத் தெரியும், பாய் வச்சு ஓட்டத் தெரியாது. நீங்கதான் ஓட்டணும். நிதானமா இருக்கீங்களா?"

அவர் கண்ணால் மேஜையைக் காட்டினார். அவர் முன்னால் இருந்த கிளாஸை அவள் அப்போதுதான் பார்த்தாள். விளிம்பு வரை நிறைந்திருந்தது. ஐஸ் மட்டும் கரைந்துபோயிருந்தது.

"குடிக்கவே இல்லையா நீங்க?"

"ஊத்திக் கொடுக்கறதோட சரி. நமக்கு ஒத்துக்காது." குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் பயம்மா. வாங்கின முதல் மாசம் தனியா எடுத்துட்டுப் போனேன். ஒரு காத்துல அப்படியே சாஞ்சுடுச்சு. போயிட்டேன்னே நினைச்சேன். அன்னியிலருந்து பாயைத் தொட்டதே இல்ல."

"அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"படகு வாங்கினவன் எப்படிச் சொல்றது? எப்ப போறோம்னு யாராவது கேக்கறதுக்குள்ள ஒரு கிளாஸை நீட்டிடுவேன்."

நாலு வருஷத்துச் சனிக்கிழமைகள் துறையம்மாவின் கண்முன் வரிசையாக வந்து நின்றன. அத்தனை ஐஸ், அத்தனை எலுமிச்சைத் தோல். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"எத்தனை ஆயிரம் பேர் வாயில ஊசி போட்டிருப்பீங்க? பயந்தவங்ககிட்ட என்ன சொல்வீங்க?"

"கண்ணை மூடிக்குங்க, ஒரு நிமிஷம்தான்னு சொல்லுவேன்."

"அதை மட்டும் செஞ்சுடாதீங்க. கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுச் சுக்கானைப் பிடிங்க."

பாயின் உறையை உருவினாள். உள்ளேயிருந்து குருவிக்கூடு ஒன்று உதிர்ந்தது. நல்லவேளை, காலியான கூடு. பூஞ்சை வாடையோடு பாய் மேலே ஏறியது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. மூலையில் இருந்த இருவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அத்தான் முகம் வெளுத்தது. ஆனால் கை சுக்கானை விடவில்லை.

"அந்தக் கயித்தைக் கொஞ்சம் தளர்த்து. போதும். இப்ப பிடி."

எதிர்க்காற்றில் நேராக வர முடியாது. வலது பக்கம் கொஞ்ச தூரம், இடது பக்கம் கொஞ்ச தூரம் என்று கோணலாகவே வந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அத்தான் முன்கூட்டியே சொன்னார். அவள் கயிற்றை மாற்றினாள். மூன்றாவது திருப்பத்தில் அவர் குரல் நடுங்கவில்லை. நாலாவது திருப்பத்தில், பாயின் அடிக்கட்டை குறுக்கே வந்தபோது, "தலையைக் குனிங்கய்யா" என்று வக்கீலை அதட்டினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. இடையில் இழுவைப் படகு வந்து எட்டிப் பார்த்து, இவர்கள் தாங்களாகவே வருவதைக் கண்டு கையசைத்துவிட்டுத் திரும்பியது. துறைக்குள் நுழையும்போது அத்தான் பக்கத்துப் படகின் கைப்பிடியை உரசி வளைத்துவிட்டார். அதற்கான புகாரைத் துறையம்மாதான் எழுத வேண்டியிருந்தது.

அடுத்த வாரத்துக்குள் கதை ஊரெல்லாம் பரவியது. வக்கீல் சொன்ன கதையில் புயல் இருந்தது, கப்பல் ஒன்று உரசிப் போனது, மேனேஜர் ஒரு கையால் கம்பத்தைத் தாங்கிப் பிடித்தார். கயிற்றை அவிழ்த்தது யார் என்பது மட்டும் அதில் இல்லை. அக்கா அதை அப்படியே நம்பி, "உங்க அத்தான் இல்லேன்னா நீயும் போயிருப்பியாமே" என்று தங்கையிடமே சொன்னாள். அவள் பல்லைக் கடிக்கக்கூட இல்லை.

ஆனால் ஒன்று நடந்தது. மறு சனிக்கிழமை அத்தான் காலை எட்டு மணிக்கே தனியாக வந்தார். ஐஸ் பெட்டி இல்லை. பேட்டரியை அவரே தூக்கிப்போய் மாட்டினார்.

"மிதவை வரைக்கும் போயிட்டு வந்துடறேன். கயித்தைக் கொஞ்சம் பிடி."

"நான் வரணுமா?"

"வேண்டாம். நீ பார்த்துக்கிட்டு மட்டும் நில்லு."

போனார். இரண்டு இடத்தில் தடுமாறி, முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. அதிலிருந்து வாரம் தவறாமல் போகிறார். பதினோரு மணிக்கு வக்கீலும் மேனேஜரும் வருவது, பாட்டில் திறப்பது எதுவும் மாறவில்லை. துறையம்மாவுக்குத்தான் ஒரு வேலை கூடிவிட்டது. அவர் திரும்பும் வரை அவளுக்கு வேறு எதிலும் கை ஓடுவதில்லை. காற்று கொஞ்சம் தூக்கினாலும் வாளியைக் கீழே வைத்துவிட்டு மரப்பாலத்தின் நுனிக்குப் போய் நிற்கிறாள்.

"இதுக்கு அவர் கட்டின இடத்துலயே உக்காந்திருக்கலாம்" என்று அக்காவிடம் போனில் புலம்பினாள். "என் காலை வேலையெல்லாம் அப்படியே கிடக்கு."

"இப்ப எங்க இருக்கார்?" என்றாள் அக்கா.

"மிதவைகிட்ட. இரு, திருப்பறார், அப்புறம் பேசறேன்."