பரிமளம் மேடம் திருப்பி அனுப்பிய ராஜினாமா

பரிமளம் மேடம் காலமான செய்தி வந்தபோது நான் அவர் வீட்டுக்குப் போவதற்குத்தான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். பாசத்தால் அல்ல. அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் மகள் ஷமீமா, ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று ராஜினாமாக் கடிதம் எழுதி மேசைமேல் வைத்திருந்தாள். மருமகனும் பேரனும் பின்னாலேயே போகிறார்களாம். அவளை நிறுத்த எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. தஞ்சாவூரில் யாரிடமாவது அது இருக்குமென்றால் அந்த அம்மாளிடம்தான் இருக்கும் என்று நினைத்தேன். செருப்பைத் தேடும்போது போன் அடித்தது. நம் ஓய்வூதியர் சங்கச் செயலாளர். "சார், நம்ம பரிமளம் மேடம் விடியக்காலைல தவறிட்டாங்க" என்றார். எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஒரு காரியமாக அவரிடம் போனால் அது நடக்காது என்பது அந்தக் கடைசி நாளிலும் மாறவில்லை.

சங்க இதழுக்கு நினைவஞ்சலி எழுதித் தாருங்கள், நல்லதாக நாலு வார்த்தை போதும் என்று செயலாளர் கேட்டார். அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று. போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதற்காக எல்லோரையும் சொக்கத் தங்கம் என்று எழுதுவது எனக்கு ஒத்துவராது. எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடித்ததாகத் தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன், போடுவதென்றால் போடட்டும்.

பூதலூர்ப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போன குடும்பத்தில் முதன்முதலாக அரசாங்கச் சம்பளம் வாங்கியவர். ஆற்றுப் பாசனத்தைப் பார்க்கும் எங்கள் கோட்ட அலுவலகத்துக்கு சூப்பிரண்டெண்டாக வந்து சேர்ந்தார். எங்கள் லீவு, இன்கிரிமென்ட், பென்ஷன் எல்லாம் அவர் மேசை வழியாகத்தான் போக வேண்டும். போகாது. அப்ஜெக்‌ஷன் போட்டுத் திருப்புவார். கையெழுத்துக்குக் கீழே தேதி இல்லை என்பார். தேதி இருந்தால் பதவிப் பெயர் இல்லை, அதுவும் இருந்தால் எழுத்து புரியவில்லை. மாமனார் இறந்தார் என்று லீவு கேட்ட ஒருவரிடம், இதே மாமனார் போன வருஷமும் இறந்திருக்கிறாரே என்று கேட்டுத் திருப்பினார். அது நியாயமான அப்ஜெக்‌ஷன் என்பது வேறு விஷயம். கேட்ட விதம் நியாயமில்லை, இருபது பேர் நடுவில் கேட்டார்.

பணி ஓய்வு நாள் நமக்கெல்லாம் எப்படி நடக்கும்? மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம், மைக்கில் கொஞ்சம் பொய், பிறகு ஆபீஸ் ஜீப்பில் வீடுவரை கொண்டுபோய் விடுவது. மதகு திறந்து மூடும் லஸ்கர் கோவிந்தனுக்கு அப்படித்தான் விழா வைத்தோம். இந்த அம்மாள் மைக்கை வாங்கினார். கோவிந்தனை ஒரு வார்த்தை புகழவில்லை. முன்வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியைப் பார்த்து, உங்கள் வீட்டுக்காரருக்கு மாதம் இவ்வளவு பென்ஷன், அதில் ஒரு பகுதியை இப்போதே மொத்தமாக வேண்டுமென்று எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆகவே பல வருஷத்துக்கு மாதப் பணம் குறைந்துதான் வரும் என்று ஆரம்பித்தார். பிறகு, "இவரு தவறிட்டா உங்களுக்குக் குடும்பப் பென்ஷன் உண்டும்மா. டெத் சர்டிபிகேட்ட எடுத்துக்கிட்டு நேரா கருவூலத்துக்குப் போங்க, நடுவுல எவனையும் நம்பாதீங்க" என்றார். கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருப்பவரை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது? கோவிந்தன் முகம் வெளிறிவிட்டது. மொத்தமாகப் பணம் வரப்போவதை அவர் வீட்டில் மூச்சுவிட்டிருக்கவில்லை. அவர் மனைவி மட்டும் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதன்பிறகு ஒவ்வொரு விழாவிலும் இதே கூத்துதான். மனைவிக்குக் காய்ச்சல் என்று சொல்லித் தனியாக வந்தவர்களும் உண்டு. மேடம் ஜீப்பை அனுப்பி மனைவியைக் கூட்டிவரச் செய்தார்.

இனி என் கதை. நான் நாகூர்க்காரன். எங்கள் தெருவில் ஆண்பிள்ளை என்றால் சபராளி, அக்கரைக்குப் போய்ச் சம்பாதித்து அனுப்புகிறவன். அரசாங்க டிராப்ட்ஸ்மேன் என்றால் பாவம் என்பதுபோல் பார்ப்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில், நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், மஸ்கட்டிலிருந்து என் மைத்துனன் எனக்கு விசா அனுப்பினான். கட்டட கம்பெனியில் வரைபட வேலை. சம்பளம் இங்கே வாங்கியதைப் போலப் பல மடங்கு. குறித்த நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். எஸ்.டி.டி. பூத்தில் நின்று வருகிறேன் மச்சான் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டு, அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன்.

யாரையும் உட்காரச் சொல்லாத அம்மாள் அன்று எனக்கு நாற்காலியைக் காட்டினார். உங்களுக்கு இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ் ஆகிவிட்டது, விருப்ப ஓய்வு என்று மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனால் பென்ஷன் உண்டு, ராஜினாமா என்று போனால் பார்த்த சர்வீஸ் அத்தனையும் வீண், ஒரு பைசா வராது என்றார். நோட்டீஸ் நாளைக் குறைக்க முடியாதா என்று கேட்டேன். அதற்குச் சென்னையிலிருந்து உத்தரவு வர வேண்டும், அதற்கே மூன்று மாதம் ஆகும் என்றார். விசா அதுவரை காத்திருக்காது என்றேன்.

"அப்ப விசா போவட்டும்" என்றார்.

உங்களுக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "எங்க அம்மா இடுப்ப நிமித்த முடியாத வயசுலயும் நாத்து நட்டாங்க சார். போனாத்தான் அன்னைக்குச் சோறு. கைகாலு ஓஞ்ச பொறவும் மாசம் பொறந்தா காசு வரும்னு சொன்னா, அவங்க கடைசிவரைக்கும் நம்பல. அத நீங்க வேணாம்னு எழுதிக் குடுக்குறீங்க."

உங்கள் அம்மாவுக்கும் என் விசாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். இன்றைக்கும் அதைத்தான் கேட்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் அப்ஜெக்‌ஷன் போட ஆரம்பித்தார். கடிதத்தில் பிரிவின் பெயர் இல்லை என்று திரும்பி வந்தது. எழுதினேன். எப்போதோ கட்டி முடித்த சைக்கிள் கடனுக்கு நோ டியூ சர்டிபிகேட் இல்லை என்று வந்தது. அலைந்து வாங்கினேன். வரைபடப் பலகையை ஒப்படைத்த ரசீது கேட்டார். அதையும் கொடுத்தேன். கடைசியில், ஒரத்தநாட்டுப் பக்கத்து மதகு ஒன்றுக்கு நான் வரைந்த டிரேசிங் ஷீட்டைக் காணவில்லை, அது கிடைக்காமல் என்னை விடுவிக்க முடியாது என்றார். பீரோ பீரோவாகத் தேடினேன், கரப்பான் பூச்சிதான் கிடைத்தது. எஞ்சினியரிடம் போய் நின்றால், அந்தம்மா இனிஷியல் இல்லாமல் நான் எப்படி ஐயா கையெழுத்துப் போடுவது என்றார். சொல்லாமல் ஓடிப்போக எனக்கு மனம் வரவில்லை. விசாவின் நாள் முடிந்தது. அடுத்த வாரமே டிரேசிங் ஷீட் கிடைத்துவிட்டது, அவருடைய பீரோவில்.

மைத்துனன் அந்த வேலைக்கு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டான். நாகூர் போனால் தெருவில் தலைகாட்ட முடியவில்லை, விமானம் போய்விட்டதா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. லாபமோ நஷ்டமோ அது என் பாடு. என் கையெழுத்துக்கு மேல் இன்னொருவர் கைவைப்பது அயோக்கியத்தனம் என்று அன்று நினைத்தேன். இன்று வார்த்தையை வேண்டுமானால் கொஞ்சம் குறைப்பேன், கருத்தைக் குறைக்க மாட்டேன். அவர் ஓய்வு பெறும்வரை கோப்பைத் தவிர வேறு பேச்சு எங்களுக்குள் இல்லை. அவருடைய ஓய்வு விழாவுக்கு நான் போகவில்லை.

ஆனால் என் விழாவுக்கு அவர் வந்தார். யார் கூப்பிட்டதோ தெரியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர், எல்லாம் முடிந்ததும் எழுந்து வந்து என் மனைவி ஜெய்னம்புவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு இவரு லெட்டர்ல ஒரு தப்பும் இல்லம்மா, நான்தான் வேணும்னே அப்ஜெக்‌ஷன் போட்டேன்" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லவில்லை, லீவு நாளை அறிவிப்பதுபோல் சொன்னார். உங்களுக்கு யார் அந்த உரிமையைக் கொடுத்தது என்று கேட்டேன். யாரும் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு, என் மாதப் பென்ஷனையும், நான் செத்தால் ஜெய்னம்புவுக்கு வருவதையும் அவளுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். இவள் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய் பிரியாணி போட்டாள். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. மைத்துனன் நாகூரில் மார்பிள் போட்டு வீடு கட்டியதை அன்று இரவு இவளுக்கு நினைவுபடுத்தினேன். அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவன் மாதாமாதம் அக்கரைக்குப் போன மகன் போனுக்குக் காத்திருக்கிறான் என்பதை இவள் எனக்கு நினைவுபடுத்தினாள்.

வருஷத்துக்கு ஒருமுறை, நாம் உயிரோடுதான் இருக்கிறோம் என்று காட்டக் கருவூலத்துக்குப் போவோமே, அங்கே அவரைப் பார்ப்பேன். "இன்னும் இருக்கீங்களா சார்?" என்பார். உங்களை அனுப்பிவிட்டுத்தான் போவேன் என்பேன். எங்களுக்குள் இருந்த நலவிசாரிப்பு அவ்வளவுதான். ஒருமுறை ஷமீமாவும் கூட வந்திருந்தாள். புதிய பென்ஷன் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். சம்பளத்தில் பிடிக்கிற பணத்துக்கு வருஷாவருஷம் ஒரு கணக்குச் சீட்டு வரும், அதை அவரிடம் நீட்டி, ஓய்வு பெற்றால் எனக்கு மாதம் எவ்வளவு மேடம் வரும் என்று கேட்டாள். கண்ணாடி போட்டுப் படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. சேர்ந்த பணம் கைக்கு வரும், மாதாமாதம் இவ்வளவு என்று இதில் யாரும் எழுதித் தரவில்லை என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "இதுக்கு எங்கிட்ட அப்ஜெக்‌ஷன் இல்ல சார்" என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை. அப்போதுகூட எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. எனக்குத் தடையாக நின்ற மனுஷி, என் மகளுக்கு நிற்க மாட்டேன் என்கிறாரே.

உடலைப் பார்க்கப் போனேன். சிங்கப்பூரில் இருக்கும் மகன் வந்து சேரவில்லை, ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். என் விசாவை நிறுத்தத் தெரிந்தவருக்குத் தன் மகனை நிறுத்தத் தெரியவில்லை என்று நான் முன்பு பலரிடம் குத்திக்காட்டியிருக்கிறேன். அவன் தனியார் கம்பெனிக்காரன், விட்டுவிட்டுப் போக அவனுக்கு இங்கே என்ன இருந்தது என்று மேடம் ஒருமுறை பதில் சொல்லி அனுப்பியிருந்தார். பந்தலில் நம் ஆபீஸ் ஆண்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். உள்ளே பெட்டியைச் சுற்றி முழுக்க நம் வீட்டுப் பெண்கள். கோவிந்தன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவர் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஜெய்னம்பு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதாள். நான் அழவில்லை. வாசலில் நின்றுகொண்டு, இனி கருவூலத்தில் நான் இருக்கிறேனா என்று யார் கேட்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோது ஷமீமா கடிதத்தைக் கொண்டுவந்து, நாளைக்குக் கொடுக்கப் போகிறேன், ஒருமுறை படித்துப் பாருங்கள் என்றாள். படித்தேன். ஒரு பிழை இல்லை. என் மகள் போக வேண்டாம், அவ்வளவுதான் எனக்கு. அதைச் சொல்ல வாய் வரவில்லை. பதவிப் பெயருக்குக் கீழே பள்ளியின் முழு முகவரி இல்லையே என்றேன். மேலே இருக்கிறது என்று காட்டினாள். நூலகத்தில் நோ டியூ வாங்கினாயா என்றேன். லேப் சாமான்களை யாரிடம் ஒப்படைத்தாய், ரசீது எங்கே என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க வாப்பா. குடுத்தா அன்னைக்கே வாங்கி வச்சுக்குவாங்க."

"நான் கேக்குறேன்" என்றேன்.

அவள் கடிதத்தை என் கையிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பரிமளம் மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கெட்ட பழக்கம் ஒன்றுதான். அதையும் என்னைக் கேட்காமலேதான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர்மேல் உள்ள கோபத்தை நான் விடுவதாக இல்லை. கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கையெழுத்துக்குக் கீழே தேதி தெளிவாக இல்லை.