போன தெருவில் திரும்பாத ஆட்டோ

சென்ற ஆண்டு ரம்ஜான் அன்று காலை, நாமக்கல் கோட்டையைப் பார்க்கத் தனியாகப் போயிருந்தேன். ஐம்பதைத் தொட்ட பிறகும் ஓரிடத்தில் நிற்காத கால்கள் எனக்கு. பேருந்து நிலையத்திலிருந்து அழைத்து வந்த ஆட்டோக்காரர் புதுச்சட்டையும் தொப்பியுமாய் இருந்தார். மலையடிவாரத்தில் இறக்கிவிட்டு, "பையச் சொமந்துக்கிட்டு ஏறாதீங்கக்கா, வண்டியிலயே இருக்கட்டும். நீங்க எறங்கறதுக்குள்ள தொழுதுட்டு வந்து நிக்கறனுங்க" என்றார். கிழக்குத் தெருவில் ஆட்டோ திரும்பி மறைந்தது.

ஒரே கல்லாய் எழுந்த மலை. மேலே காற்று சேலைத் தலைப்பைப் பிடுங்கியது. கீழே ஊர் வெயிலில் மெல்ல விழித்தது. ஆசை தீரப் பார்த்துவிட்டு இறங்கினேன். ஆட்டோ இல்லை.

கைபேசி, வீட்டுச் சாவி, சாப்பிடுமுன் போட வேண்டிய இன்சுலின், எல்லாம் அந்தப் பையில். பசி வயிற்றைக் கிள்ளியது. கிழக்குத் தெருவையே பார்த்து நின்றேன்.

எதிரிலிருந்த டீக்கடைக்கார அம்மா விசாரித்தார். கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "தொழுகை முடிஞ்சு மைதானமே காலியாக் கெடக்குதுங்க. அந்தத் தெருவுல ஒரு ஆட்டோவும் இல்ல. ஏனுங்க, அந்த ஆளுங்கள நம்பியா பையக் குடுத்தீங்க?"

"எந்த ஆளுங்கள?" என்றேன்.

அவர் பைக் சாவியை விரலில் சுழற்றினார். "போலீஸ் ஸ்டேசனுக்கு வாங்க, புகார நானே எழுதித் தாரேன்."

"நான் வரலைங்க. அவர் வருவார்."

"வருவான், வருவான். அடுத்த பெருநாளைக்கு" என்று சிரித்தார்.

உள்ளுக்குள் எனக்கும் சந்தேகம் முளைத்துவிட்டதுதான் உண்மை. ஆனாலும் அந்தச் சிரிப்பின் பக்கம் போய் நிற்க மனம் ஒப்பவில்லை. அங்கேயே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆட்டோ என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது, மேற்கிலிருந்து.

"என்னக்கா, தரையில உக்காந்துட்டீங்க? பெருநாள் தொழுகைக்குப் போன வழியில திரும்ப மாட்டோமுங்க, வேற வழியாத்தான் வரோணும். தெரு நெடுக சொந்தக்காரங்க. கட்டிப்பிடிச்சு சலாம் சொல்லாம ஒருத்தரும் உடல, நேரமாயிருச்சு."

பை வைத்தது வைத்தபடி இருந்தது. சிரித்தவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் விடவில்லை. "அண்ணா, இவருக்குப் பெருநாள் வாழ்த்துச் சொல்லுங்க" என்றேன். பாதி வாயால் சொன்னார்.

ஆட்டோ வந்துவிட்டதால் ஜெயித்துவிட்டேன் என்று இதை எழுதவில்லை. வராமலே போயிருந்தாலும், என் பையை ஓர் ஆள் எடுத்துப் போனான் என்றுதான் புகார் கொடுத்திருப்பேன். ஒரு தெருவையே திருடனாக்க, யார் பக்கத்தில் நின்று வார்த்தை எடுத்துக்கொடுத்தாலும், இன்றைக்கும் எனக்கு வாய் வராது.